சிங்கப்பூர்க் காற்பந்துக் குழு: மலாயாக் கிண்ணம் முதல் ஆசியக் கிண்ணம் வரை

2025 நவம்பர் 18. ஹாங்காங்கின் புதிய கை டாக் விளையாட்டரங்கம். முதல் பாதி முடிந்தபோது சிங்கப்பூர் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் சில நிமிட இடைவெளியில் ஷாவால் அனுவார் ஒரு கோலும் இல்ஹான் ஃபாண்டி ஒரு கோலும் போட்டனர். ஆட்டம் 2-1 என முடிந்தது. தகுதிச் சுற்றில் இன்னும் ஓர் ஆட்டம் மிச்சமிருக்கும்போதே, 2027ல் சவூதி அரேபியாவில் நடைபெறும் ஆசியக் கிண்ணப் போட்டிக்குச் சிங்கப்பூர் தகுதி பெற்றுவிட்டது.

இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் சிங்கப்பூர் அந்தப் போட்டியில் ஆடியிருக்கிறது. அது 1984ல். அப்போது போட்டியை ஏற்று நடத்திய நாடு என்பதால் இடம் தானாகவே கிடைத்தது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று உள்ளே போவது இதுவே முதல் முறை.

சுமார் 60 லட்சம் பேர் வாழும் ஒரு தீவு. அதில் கணிசமானோர் வெளிநாட்டு ஊழியர்கள். அப்படிப்பட்ட ஒரு நாட்டின் குழு தென்கிழக்காசிய வெற்றியாளர் பட்டத்தை நான்கு முறை வென்றது எப்படி? பிறகு பத்தாண்டுக்கு மேல் சரிந்து கிடந்தது ஏன்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால், கதை சிங்கப்பூருக்குள் மட்டும் நிற்காது. கோலாலம்பூர், பினாங்கு, அலோர் ஸ்டார், ஷா ஆலம் என்று மலேசிய நகரங்களையும் சுற்றி வரவேண்டியிருக்கும்.

மலாயாக் கிண்ணத்தில் பிறந்த பகை

சிங்கப்பூரில் காற்பந்துச் சங்கம் 1892லேயே தொடங்கிவிட்டது. ஆசியாவின் மிகப் பழைய காற்பந்துச் சங்கங்களில் அது ஒன்று. ஆனால் சாதாரண மக்களைத் திடலுக்கு இழுத்து வந்தது 1921ல் தொடங்கிய மலாயாக் கிண்ணம்தான்.

அந்த ஆண்டு 'மலாயா' என்ற பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்த வட்டாரத் துறைமுகங்களுக்கு வந்தது. அதன் மாலுமிகள் உள்ளூர்க் குழுக்களுடன் காற்பந்தும் ரக்பியும் ஆடினர். கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்களை அன்பளிப்பாகத் தந்தனர். அவற்றில் ஒன்றுதான் மலாயாக் கிண்ணமானது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்ற கணக்கில் சிலாங்கூரை வென்றது.

சிங்கப்பூருக்கும் சிலாங்கூருக்கும் இடையிலான பகை அன்று தொடங்கியது. போருக்கு முந்திய ஆண்டுகளில் இறுதியாட்டம் என்றாலே ஒரு பக்கம் சிங்கப்பூர் நிற்கும் என்ற நிலை இருந்தது. 1965ல் சிங்கப்பூர் தனி நாடானது. அரசியலில் பிரிந்தாலும் கிண்ணப் போட்டியில் அது பிரியவில்லை. 1967ல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய பிறகும், மாநிலக் குழுக்களுக்கு நடுவே ஒரு நாட்டின் குழு ஆடிக்கொண்டிருந்தது. மொத்தத்தில் சிங்கப்பூர் அந்தக் கிண்ணத்தை 24 முறை வென்றுள்ளது. 33 முறை வென்ற சிலாங்கூருக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியக் கிண்ணத்தில் ஆடிய சிங்கப்பூர்க் குழுவும் தேசியக் குழுவும் ஏறக்குறைய ஒன்றே. மலேசியாவில் ஒரு ஆட்டக்காரர் ஆண்டு முழுவதும் மாநிலத்துக்கு ஆடுவார். தேசியக் குழு கூடும்போது வெவ்வேறு மாநில ஆட்டக்காரர்களுடன் சேர்ந்து பழக வேண்டும். சிங்கப்பூர் ஆட்டக்காரர்களோ ஆண்டு முழுவதும் ஒன்றாகவே ஆடினர். சிறிய நாடு என்பது இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது.

1966: ஆசியாவில் நான்காம் இடம்

தனி நாடான மறு ஆண்டே, பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூர் அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பிடித்தது. அரையிறுதியில் பர்மாவிடமும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடமும் தோற்றது. அந்த நாளில் பர்மா ஆசியாவின் வலுவான குழுக்களில் ஒன்று. சிங்கப்பூரின் மஜித் அரிஃப் 'ஆசிய நட்சத்திரங்கள்' குழுவில் தேர்வானதும் அதே ஆண்டுதான். ஆசிய விளையாட்டுகளில் அந்த நான்காம் இடத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் இன்றுவரை போகவில்லை.

ஆனால் அடுத்த சில ஆண்டுகள் கசப்பானவை. 1969ல் கோலாலம்பூரில் நடந்த மெர்டேக்கா போட்டியில் பர்மாவிடம் 0-9 எனத் தோற்றது. சிங்கப்பூரின் மிக மோசமான தோல்வியாக அது இன்றும் பதிவேட்டில் நிற்கிறது.

காலாங் முழக்கம்

1973ல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தக் கூட்டம் எழுப்பிய சத்தத்துக்குக் 'காலாங் முழக்கம்' என்றே பெயர் வந்தது.

1975 முதல் 1981 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் சிங்கப்பூர் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்தது. அவற்றில் ஐந்து முறை தோல்வி, ஐந்தும் சிலாங்கூரிடம். மொக்தார் டஹாரியின் கால்களும் ஆர். ஆறுமுகத்தின் கைகளும் இருந்த சிலாங்கூர் அது. வென்றது 1977லும் 1980லும்.

1977ன் பயிற்றுநர் சூ செங் குவீ. 'அங்கிள் சூ' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மலாயா, இந்தோனேசியக் குழுக்களையும் பயிற்றுவித்தவர். கண்டிப்புக்குப் பேர்போனவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று சிங்கப்பூரில் நடந்தது. சிங்கப்பூர் மலேசியாவை 1-0 என வென்றது. ஆனால் முடிவாட்டத்தில் ஹாங்காங்கிடம் 0-1 எனத் தோற்று வெளியேறியது. அதே குழு சில வாரங்களில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்று, 12 ஆண்டுக்குப் பிறகு கிண்ணத்தைக் கடற்பாலம் தாண்டிக் கொண்டுபோனது. வெற்றிக் கோலைப் போட்டவர் குவா கிம் லை. அங்கிள் சூ பின்னர் நோயால் ஒரு காலை இழந்தார். 1983ல் காலமானார்.

அந்தக் குழுவின் பெயர்களைப் படித்தாலே சிங்கப்பூரின் முகம் தெரியும். முன்வரிசையில் குவா கிம் சோங், 'கெலேக்' மன்னன் டோல்லா காசிம். தற்காப்பில் பாறைபோல் நின்ற தலைவர் சமது அல்லாபிச்சை. பந்தை வளைத்து அடித்துக் கார்னரிலிருந்தே கோல்காப்பாளரைத் திணறடித்த எஸ். ராஜகோபால், அவருடைய தனி நடையைப் பார்த்து ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஒட்டகம்'. பின்னர் ஆர். சூரியமூர்த்தி, கே. கண்ணன், வி. சுந்தரமூர்த்தி என்று தமிழ்ப் பெயர்கள் தொடர்ந்து வந்தன.

1980 இறுதியாட்டத்தில் ஜீத்தா சிங்கின் பயிற்சியில் ஆடிய சிங்கப்பூர், சிலாங்கூரை 2-1 என வென்றது. வெற்றிக் கோலைப் போட்ட பதின்ம வயதுப் பையனின் பெயர் ஃபாண்டி அகமது.

ஃபாண்டியும் சுந்தரமூர்த்தியும்

சிங்கப்பூர்க் காற்பந்தில் ஃபாண்டி அளவுக்குப் புகழ் பெற்றவர் வேறு யாருமில்லை. 1983ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டி ஒன்றில் இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டார். திரும்பி வந்த பிறகு கோலாலம்பூருக்கும் பகாங்குக்கும் ஆடி, இரண்டு குழுவுடனும் மலேசியக் கிண்ணத்தை ஏந்தினார். சிங்கப்பூர்க்காரர் ஒருவரை மலேசிய ரசிகர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது அவர் விஷயத்தில்தான். நாட்டுக்காக 55 கோல். அந்த எண்ணிக்கையை இன்னும் யாரும் தொடவில்லை.

வி. சுந்தரமூர்த்தி வேறு வகை. பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் அடுத்து என்ன செய்வார் என்று சொந்தக் குழுவுக்கே தெரியாது என்பார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைக் கண்ணைக் கூசவைப்பவர் என்ற பொருளில் 'டேஸ்லர்' என்று அழைத்தன. கெடா மக்களுக்கும் அவர் ஆட்டம் பழக்கம். அந்த மாநிலக் குழுவுக்கும் ஆடியவர் அவர்.

இவர்கள் இருந்தும் நாட்டுக்கு ஒரு பட்டமும் கிடைக்கவில்லை என்பதுதான் எண்பதுகளின் வேதனை. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 1983, 1985, 1989 என்று மூன்று முறை இறுதியாட்டம். மூன்று முறையும் வெள்ளிதான். முதல் இரண்டு தாய்லாந்திடம். மூன்றாவது கோலாலம்பூரில் மலேசியாவிடம் 1-3. அந்தப் போட்டியின் தங்கப் பதக்கம் சிங்கப்பூருக்கு இன்றும் எட்டாக்கனி.

1984ல் ஆசியக் கிண்ணத்தைச் சிங்கப்பூர் ஏற்று நடத்தியபோது இந்தியாவை 2-0 என வென்றது. ஈரானுடன் 1-1 என்று சமன் செய்தது. சீனாவிடமும் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடமும் தோற்றுப் பிரிவுச் சுற்றோடு வெளியேறியது.

1994: உச்சமும் முறிவும்

1992ல் சிங்கப்பூர் மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ரசிகர்களுக்கு அது பெரிய அவமானம். மறு ஆண்டு ஃபாண்டி திரும்பி வந்தார். குழு முதல் பிரிவுக்கு ஏறியது. மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கும் வந்து கெடாவிடம் தோற்றது.

1994ல் எல்லாம் கூடி வந்தது. டக்ளஸ் மூரின் பயிற்சியில் லீக் பட்டத்தை வென்றது. டிசம்பரில் ஷா ஆலம் அரங்கில் பகாங்கை 4-0 என நொறுக்கிக் கிண்ணத்தையும் வென்றது. அப்பாஸ் சாத் மூன்று கோல், ஜாங் ஜுங் ஒரு கோல். சிவப்புச் சட்டை அணிந்த சிங்கப்பூர் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் பேருந்திலும் காரிலும் ஷா ஆலமுக்கு வந்திருந்தனர்.

அதுவே கடைசி. ஆட்டங்களைப் பணத்துக்கு விற்கும் சூதாட்டக் கும்பல்கள் அந்த ஆண்டுகளில் மலேசிய லீக்கை அரித்துக்கொண்டிருந்தன. இரு நாட்டிலும் கைதுகள், விசாரணைகள். மலேசியாவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். நுழைவுச்சீட்டு வருவாயைப் பகிர்வதிலும் இரு சங்கங்களுக்கு இடையே பிணக்கு. 1995ன் தொடக்கத்தில் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996ல் எட்டுக் குழுக்களுடன் எஸ்-லீக் என்ற சொந்த லீக்கைத் தொடங்கியது.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமும் வேலையும் கிடைத்தன. ஆனால் பகை இல்லாமல் போனது. தெம்பனிஸ் குழு கேலாங் குழுவோடு ஆடும்போது, சிலாங்கூரோடு ஆடும் சூடு வருமா? காலாங்கை நிரப்பிய ஐம்பதாயிரம் பேர் சின்ன அரங்குகளுக்கு வரவில்லை. மலேசியாவிலும் இழப்பு இருந்தது. சிங்கப்பூர் வரும் நாளில் அரங்கு நிரம்பி வழிந்த மாநிலங்களுக்கு அந்த வருமானம் நின்றது.

1998 ஹனோய்: சசிகுமாரின் தோள்

மலேசியப் போட்டிகளைவிட்டு விலகிய மூன்றே ஆண்டில், யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து சிங்கப்பூருக்கு முதல் அனைத்துலகப் பட்டம் வந்தது. தென்கிழக்காசிய வெற்றியாளர் போட்டி அப்போது 'டைகர் கிண்ணம்' என்று அழைக்கப்பட்டது. 1998ல் அதை வியட்நாம் நடத்தியது. ஆங்கிலேயரான பேரி விட்பிரெட் சிங்கப்பூரின் பயிற்றுநர்.

பிரிவுச் சுற்றில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. மற்றப் பிரிவில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. அந்த ஆட்டத்தில் வெல்பவர் ஹனோய் சென்று வியட்நாமை அதன் சொந்த மண்ணில் சந்திக்க வேண்டும்; தோற்பவருக்குச் சிங்கப்பூர்தான் எதிரி. சிங்கப்பூர் என்றால் சுலபம் என்று இரு தரப்பும் நினைத்தன. அதனால் இரு குழுவுமே வெல்ல விரும்பவில்லை. கடைசியில் இந்தோனேசிய ஆட்டக்காரர் ஒருவர் வேண்டுமென்றே சொந்த வலைக்குள் பந்தை அடித்துத் தன் குழுவைத் தோற்கடித்தார். ஆசியக் காற்பந்தின் தலைகுனிவான நிகழ்ச்சிகளில் அது ஒன்று.

இந்தோனேசியா கேட்ட எதிரி கிடைத்தது. அரையிறுதியில் அதே சிங்கப்பூர் அவர்களை 2-1 என வீட்டுக்கு அனுப்பியது.

செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோயில் இறுதியாட்டம். அரங்கு முழுக்க வியட்நாம் ரசிகர்கள். இரண்டாம் பாதியில் சிங்கப்பூர் தற்காப்பு ஆட்டக்காரர் ஆர். சசிகுமார் வியட்நாம் கோல் முன் நின்றபோது, உயர்ந்து வந்த பந்து அவருடைய தோளிலும் முதுகிலுமாகப் பட்டு வலைக்குள் போனது. 1-0. அழகான கோல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சிங்கப்பூர்க் காற்பந்து வரலாற்றில் அதைவிட முக்கியமான கோல் இல்லை என்று வாதாடலாம்.

அவ்ராமோவிச்சின் பத்தாண்டு

அந்த வெற்றி நிலைக்கவில்லை. 2000ல் வின்சென்ட் சுப்பிரமணியத்தின் பயிற்சியில் பிரிவுச் சுற்றோடு வெளியேறியது. 2002 டிசம்பரில் சொந்த அரங்கில் மலேசியாவிடம் 0-4 எனத் தோற்றது. பயிற்றுநர் யான் பவுல்சன் பதவி இழந்தார்.

2003ல் வந்தவர் ராடி அவ்ராமோவிச். முன்பு கோல்காப்பாளராக ஆடியவர். அதிகம் பேசமாட்டார். தற்காப்பைக் கட்டுக்கோப்பாக வைத்து, வாய்ப்பு வரும்வரை காத்திருந்து அடிப்பது அவர் முறை. ஏறத்தாழ பத்தாண்டு அவரையே வைத்திருந்ததுதான் சிங்கப்பூர்ச் சங்கம் செய்த மிகச் சரியான காரியம்.

2004ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதியாட்டம் 2005 ஜனவரியில் நடந்தது. ஜகார்த்தாவில் 3-1, சிங்கப்பூரில் 2-1 என இரண்டு ஆட்டத்திலும் இந்தோனேசியாவை வென்றது. கோல்காப்பாளர் லயனல் லூயிஸ் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரானார்.

2006ல் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஈராக்கை 2-0 என வென்றது. மறு ஆண்டு அதே ஈராக்தான் ஆசியக் கிண்ணத்தை வென்றது என்பதை வைத்து அந்த வெற்றியின் எடையைப் பார்க்கலாம்.

2007ல் இரண்டாவது முறை தொடர்ந்து பட்டம். பிரிவுச் சுற்றில் லாவோசை 11-0 என வென்றது; அதுதான் சிங்கப்பூரின் மிகப் பெரிய வெற்றி. அதில் நோ அலாம் ஷா ஒருவரே ஏழு கோல் போட்டார். அரையிறுதியில் மலேசியாவுடன் இரண்டு ஆட்டமும் 1-1. பெனால்டியில் 5-4 என்று சிங்கப்பூர் தப்பியது. இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் சிங்கப்பூருக்குக் கிடைத்த பெனால்டியை எதிர்த்துத் தாய்லாந்து ஆட்டக்காரர்கள் கால் மணி நேரம்போல் திடலைவிட்டு வெளியேறினர். திரும்பி வந்து 1-2 எனத் தோற்றனர். பாங்காக்கில் கைருல் அம்ரியின் கோலால் 1-1. மொத்தம் 3-2.

அதே ஆண்டு பழைய தேசிய அரங்கம் மூடப்பட்டது. புதியது 2014ல்தான் திறந்தது. அதனால் 2012 இறுதியாட்டத்தின் சிங்கப்பூர்ச் சுற்று, ஆறாயிரம் பேர் மட்டுமே அமரக்கூடிய ஜாலான் புசார் அரங்கில் நடந்தது. தாய்லாந்தை அங்கே 3-1 என வென்று, பாங்காக்கில் 0-1 எனத் தோற்று, மொத்தத்தில் 3-2 எனப் பட்டம் பெற்றது. அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே புக்கிட் ஜாலிலில் மலேசியாவை 3-0 என வீழ்த்தியிருந்தது. தலைவர் ஷாரில் இஷாக் சிறந்த ஆட்டக்காரர். நான்கு முறை இந்தப் பட்டத்தை வென்ற முதல் நாடு சிங்கப்பூர். அந்த வெற்றியோடு அவ்ராமோவிச் விடைபெற்றார்.

வெளிநாட்டில் பிறந்தவர்கள்

அந்த வெற்றிகளில் வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நைஜீரியாவின் அகு காஸ்மிர், செர்பியாவின் ஃபஹ்ருதீன் முஸ்தாஃபிச், சீனாவின் ஷி ஜியாயி, இங்கிலாந்தில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த டேனியல் பென்னட் ஆகியோர் அவர்களில் சிலர்.

இவர்களில் அலெக்ஸாண்டர் டியூரிச்சின் கதை தனி. போஸ்னியாவில் பிறந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் போஸ்னியாவுக்காகத் துடுப்புப் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். 37 வயதில் சிங்கப்பூருக்காக முதல் ஆட்டம் ஆடி, தஜிகிஸ்தானுக்கு எதிராக இரண்டு கோலும் அவரே போட்டார்.

வாங்கி வந்த வெற்றி என்று குறை சொன்னவர்கள் உண்டு. மக்கள்தொகை குறைந்த நாட்டுக்கு வேறு வழி என்ன என்று கேட்டவர்களும் உண்டு. உள்ளூர்ப் பையன்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 18 வயதில், ஆட்டம் முதிரும் நேரத்தில், இரண்டாண்டு தேசிய சேவை. அதற்கு முன் படிப்பு நெருக்கடி. பந்து விளையாட்டு சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோர். குடியுரிமை பெற்றவர்கள் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். இடைவெளி அப்படியே இருந்தது. அவர்கள் ஓய்வு பெற்றதும் அது வெளியே தெரிந்தது.

சரிவு

2012 முதல் 2015 வரை சிங்கப்பூரின் 'லயன்ஸ் டுவெல்வ்' குழு மீண்டும் மலேசிய லீக்கில் ஆடியது. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் 2013ல் சூப்பர் லீக் பட்டத்தையும், ஃபாண்டியின் பயிற்சியில் 2015ல் கிளந்தானை வென்று மலேசிய எஃப்ஏ கிண்ணத்தையும் பெற்றது. அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடிந்தது. இரண்டாவது முறையாகக் கதவு மூடியது.

தேசியக் குழு 2014ல் புதிய அரங்கில் மலேசியாவிடம் 1-3 எனத் தோற்றுப் பிரிவுச் சுற்றிலேயே வெளியேறியது. 2015ல் ஜப்பானின் சைத்தாமா அரங்கில், கோல்காப்பாளர் இஸ்வான் மாபுட் பந்து பந்தாகத் தடுத்ததில் 0-0 எனச் சமன் செய்தது. அது ஓர் இரவு மகிழ்ச்சி. சுந்தரமூர்த்தி, ஃபாண்டி, தட்சுமா யோஷிடா, தக்காயுக்கி நிஷிகாயா என்று பயிற்றுநர்கள் மாறினர். 2021ஆம் ஆண்டுப் போட்டியின் அரையிறுதியில் எட்டுப் பேராகக் குறைந்து இந்தோனேசியாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்றபோது மட்டும் பழைய முழக்கம் கொஞ்சம் கேட்டது. 2023 ஜனவரியில் புக்கிட் ஜாலிலில் மலேசியாவிடம் 1-4.

2024 ஜூனில் தென்கொரியா சிங்கப்பூருக்கே வந்து 7-0 என வென்றது. அடுத்த ஆட்டம் பாங்காக்கில். சீனாவை முந்த வேண்டுமானால் தாய்லாந்து மூன்று கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். கோல்காப்பாளர் ஹசன் சன்னி 11 முறை பந்தைத் தடுத்தார். ஆட்டம் 3-1 என முடிந்தது. சிங்கப்பூருக்கு அது தோல்விதான். ஆனால் சீனா அடுத்த சுற்றுக்குப் போனது. தெம்பனிசில் ஹசன் நடத்திய நாசி லெமாக் கடைக்குச் சீன ரசிகர்கள் வரிசை கட்டினர். வர முடியாதவர்கள் கடையின் கியூஆர் குறியீட்டைத் தேடிப் பணம் அனுப்பினர். போதும், நிறுத்துங்கள் என்று அவரே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நாட்டின் முதல்நிலைக் கோல்காப்பாளர் 40 வயதில் சாப்பாட்டுக் கடையும் நடத்துகிறார் என்பதில் சிங்கப்பூர்க் காற்பந்தின் நிலை முழுவதும் இருந்தது.

மீண்டும் எழுந்தது

2024 டிசம்பரில் புக்கிட் ஜாலிலில் மலேசியாவுடன் 0-0 எனச் சமன் செய்து தென்கிழக்காசிய அரையிறுதிக்கு முன்னேறியது. அங்கே வியட்நாமிடம் தோற்றது. 2025ல் ஜப்பானியப் பயிற்றுநர் சுத்தோமு ஒகுரா விலக, 35 வயது கேவின் லீ இடைக்காலப் பொறுப்பேற்றார்.

தகுதிச் சுற்றுப் பிரிவில் ஹாங்காங், இந்தியா, பங்ளாதேஷ். டாக்காவில் 2-1. சிங்கப்பூரில் இந்தியாவுடன் 1-1. வெற்றி கைக்கு வந்து கடைசி நிமிடத்தில் நழுவியது. ஐந்து நாள் கழித்துக் கோவாவில் முதலில் கோல் வாங்கிய பிறகு, தென்கொரியாவில் பிறந்த சோங் உய் யோங்கின் இரண்டு கோலால் 2-1. 140 கோடி மக்கள் கொண்ட இந்தியாவின் வாய்ப்பு அன்றே முடிந்தது. பிறகுதான் ஹாங்காங்.

ஹாங்காங்கில் வெற்றிக் கோல் போட்ட இல்ஹான், ஃபாண்டியின் மகன். அண்ணன்கள் இர்ஃபானும் இக்சானும் தேசிய ஆட்டக்காரர்களே. தந்தை 1984ன் தலைமுறை. பிள்ளைகள் 2027க்குப் போகும் தலைமுறை. இடையில் 43 ஆண்டு.

இனி என்ன என்பதைச் சிங்கப்பூரின் சொந்த வரலாறே சொல்கிறது. 1998க்குப் பின் நான்கே ஆண்டில் சொந்த மண்ணில் 0-4. 2012க்குப் பின் இரண்டே ஆண்டில் பிரிவுச் சுற்றோடு வெளியேற்றம். ஒவ்வொரு பட்டத்துக்குப் பிறகும் அடுத்த தலைமுறை தயாராக இல்லை. 2010 உலகக் கிண்ணத்துக்குப் போவோம் என்று தொண்ணூறுகளில் போட்ட திட்டம் நிறைவேறவில்லை. இப்போது 2034ஐ நோக்கிய திட்டம் பள்ளிப் பிள்ளைகளிலிருந்து தொடங்கியிருக்கிறது. சவூதியில் கிடைக்கும் முடிவைவிட, அதன் பிறகு எத்தனை பெற்றோர் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் இந்தத் தகுதியின் உண்மையான பலன்.

பதிவேடு ஒரு பார்வையில்

தென்கிழக்காசிய வெற்றியாளர் பட்டம்: 4 முறை (1998, 2004, 2007, 2012)

ஆசியக் கிண்ணம்: 1984 (பிரிவுச் சுற்று); 2027க்குத் தகுதி

உலகக் கிண்ணம்: தகுதி பெற்றதில்லை

ஆசிய விளையாட்டுகள்: நான்காம் இடம் (1966)

தென்கிழக்காசிய விளையாட்டுகள்: வெள்ளி 3 முறை (1983, 1985, 1989)

மலாயா / மலேசியக் கிண்ணம்: 24 முறை; கடைசியாக 1994

மிகப் பெரிய வெற்றி: லாவோசுக்கு எதிராக 11-0 (2007)

மிகப் பெரிய தோல்வி: பர்மாவிடம் 0-9 (1969)

அதிக கோல்: ஃபாண்டி அகமது, 55

ஆக இளைய ஆட்டக்காரர்: ஹாரிஸ் ஹாருன், 2007ல் 16 வயதில் முதல் ஆட்டம். பின்னர் ஜோகூர் டாருல் தாக்சிம் குழுவின் தலைவராகவும் ஆடினார்

ஃபிஃபா தரவரிசையில் சிறந்த இடம்: 73 (1993)